சூப்பர்ஹீரோ வில்லனைக் கொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமிக்ஸ் படிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் போகாது. ஜோக்கரைப் பேட்மேன் ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்? ஸாட் என்ற வில்லனின் கழுத்தை சூப்பர்மேன் முறித்தது சரியா? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என்னுடைய பதில்கள் இவை. பல கதைகளின் முடிவுகள் இதில் வெளியே வந்துவிடும், அது பிடிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கொல்லலாமா, கூடாதா?

ஒரு உயிர் இந்த நொடியில் போகப்போகிறது, தடுக்க வேறு வழியே இல்லை என்றால் கொல்லலாம். அதுவும் தடுப்பதற்காக மட்டும்தான், பழிதீர்ப்பதற்காகக் கூடாது. வில்லன் அடங்கிவிட்டான், கையில் விலங்கு விழுந்துவிட்டது, மயங்கிக் கிடக்கிறான் என்றால் தொடக் கூடாது. அதற்கு முன் அவன் எத்தனை பேரைக் கொன்றிருந்தாலும் சரி.

இதுவரை பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். தகராறு எல்லாம் நடுவில் இருப்பவனைப் பற்றித்தான். இன்றைக்கு அடங்கிவிட்டான், ஆனால் அடுத்த மாதம் தப்பித்து வந்து மறுபடி கொல்வான் என்று ஊருக்கே தெரியும். அவனை என்ன செய்வது?

சூப்பர்ஹீரோக்கள் ஆரம்பத்திலிருந்தே கொல்லாதவர்கள்தானா?

இல்லவே இல்லை. பேட்மேன் அறிமுகமானது 1939 மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில். அந்த முதல் கதையிலேயே வில்லனை ஒரு குத்து விடுகிறார், அவன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். இவன் மாதிரி ஆட்களுக்கு இதுதான் பொருத்தமான முடிவு என்று சொல்லிவிட்டு பேட்மேன் கிளம்பிவிடுகிறார். 1940இல் வந்த 'பேட்மேன்' முதல் இதழில் விமானத்தில் பறந்தபடி இயந்திரத் துப்பாக்கியால் ஒரு லாரியைச் சுடுகிறார். மனித உயிரை எடுக்கப் பிடிக்கவில்லை, ஆனால் இந்த முறை வேறு வழியில்லை என்ற பொருளில் ஒரு வரி வசனம். அதோடு சரி.

அதற்குப் பிறகுதான் இதழாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் தலையிட்டார். இனிமேல் பேட்மேன் துப்பாக்கி தூக்கக் கூடாது, ஆளைக் கொல்லக் கூடாது என்று ஆயிற்று. வாங்கிப் படிப்பவர்கள் சிறுவர்கள். போதாததற்கு 1940 ஏப்ரலில் பேட்மேனுக்கு உதவியாளனாக ராபின் என்ற பையனும் வந்து சேர்ந்துவிட்டான். பக்கத்தில் ஒரு சிறுவனை நிறுத்திக்கொண்டு ஆட்களைச் சுட்டுத் தள்ளும் ஹீரோவை எந்தப் பெற்றோர் விரும்புவார்கள்?

ஜோக்கரும் அதே 'பேட்மேன்' முதல் இதழில்தான் அறிமுகமானான். கதை முடிவில் அவன் செத்துவிடுவதாகத்தான் முதலில் எழுதினார்கள். இவ்வளவு நல்ல வில்லனை ஒரே இதழில் வீணடிப்பதா என்று எல்ஸ்வொர்த் குறுக்கிட, அவன் பிழைத்துவிட்டதாகக் கடைசியில் ஒரு பேனல் சேர்க்கப்பட்டது. ஆக, ஹீரோ கொல்ல மாட்டார் என்ற விதியும் வில்லன் சாக மாட்டான் என்ற விதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே ஆசிரியரின் மேசையில் பிறந்தவை. ஜோக்கரைப் பற்றிய பாதிப் புகார்கள் இதிலேயே அடங்கிவிடும்.

காமிக்ஸ் தணிக்கைதான் காரணம் என்கிறார்களே?

அது பிறகு வந்தது. 1954இல் ஃப்ரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்க செனட்டின் துணைக்குழு விசாரணை நடத்தியது. அரசாங்கம் கை வைப்பதற்குள் பதிப்பாளர்களே முந்திக்கொண்டு தங்களுக்கு 'காமிக்ஸ் கோட்' என்ற ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஏற்கெனவே இருந்த வழக்கத்தை இது இறுக்கிக் கட்டியது, அவ்வளவுதான். 1971இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2011இல் டிசி, ஆர்ச்சி என்ற பதிப்பகங்களும் கைவிட்டதோடு அது முடிந்துபோனது.

ஜோக்கர் தப்பித்துத் தப்பித்துக் கொல்கிறான். அந்தச் சாவுகளில் பேட்மேனுக்குப் பங்கில்லையா?

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டது ஒரு காமிக்ஸ் பாத்திரம்தான். 1988இல் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களிடமே தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 வித்தியாசத்தில் ஜோக்கர் அவனைக் கொன்றான். 2005இல் ஜேசன் உயிரோடு திரும்பி வந்து பேட்மேனை நிறுத்திக் கேட்கிறான்: என்னைக் காப்பாற்றவில்லை, அதை மன்னித்துவிட்டேன், ஆனால் அவனை ஏன் இன்னும் உயிரோடு விட்டு வைத்திருக்கிறாய்?

பேட்மேன் சொல்லும் பதில் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கொல்வது தனக்கு மிக எளிது, ஆனால் ஒருமுறை அந்த இருட்டுக்குள் இறங்கிவிட்டால் திரும்பி வர முடியாது என்கிறார். அது அவருடைய மனநிலையைப் பற்றிய பதில். செத்தவர்களின் குடும்பத்துக்கு அதில் ஒன்றுமே இல்லை.

என்னுடைய பதில் வேறு. ஜோக்கரைப் பிடித்து ஒப்படைத்த பிறகு அவன் பொறுப்பு போலீஸிடமும் நீதிமன்றத்திடமும் ஆர்க்கம் மனநலக் காப்பகத்திடமும் போய்விடுகிறது. ஆர்க்கம் 1974இல் முதன்முதலாகக் கதையில் வந்தது. அன்றிலிருந்து அதன் வேலையே வில்லன்களைத் தப்பவிடுவதுதான் என்று தோன்றும். நிஜ உலகில் ஒரு கொலைகாரன் நான்காவது முறையாகத் தப்பித்தால் அவனைப் பிடித்துக் கொடுத்தவரை யாராவது திட்டுவார்களா? காவல் காத்தவர்களைத்தான் கேட்பார்கள். பேட்மேன் வாழும் கோதம் நகரத்தில் அந்தக் கேள்வி மட்டும் அபூர்வமாகவே எழுகிறது.

பேட்மேன் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. முகமூடிக்குப் பின்னால் இருக்கும் புரூஸ் வெய்ன் கோடீஸ்வரர். விமானமும் குகையும் விண்வெளி நிலையமும் கட்டத் தெரிந்தவருக்கு, தப்பிக்க முடியாத ஒரு சிறை அறையைக் கட்டிக்கொடுக்கத் தெரியாதா? அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதென்றால் நான் இந்தக் குற்றச்சாட்டோடு ஏற்றுவேன். கொல்லாமல் விட்டதற்காக ஏற்ற மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த உலகத்தில் சாவு என்பதே தற்காலிகம். ஜேசன் டாட் செத்துத் திரும்பி வந்தவன்தானே? மாதா மாதம் இதழ் வர வேண்டும், நன்றாக ஓடும் வில்லனை எந்தப் பதிப்பாளரும் நிரந்தரமாகப் புதைக்க மாட்டார். பேட்மேன் ஜோக்கரைக் கொன்றிருந்தாலும் இரண்டு வருடத்தில் அவன் எப்படியாவது எழுந்து வந்திருப்பான். கையில் கொலைப் பழி மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஒருவனைக் கொன்று ஆயிரம் பேரைக் காப்பாற்றுவது நியாயமான கணக்குதானே?

எதிர்காலம் நிச்சயமாகத் தெரிந்திருந்தால் கணக்கு சரிதான். வாசகருக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த இதழின் அட்டையை அவர் பார்த்துவிட்டார். கதைக்குள் நிற்கும் ஹீரோவுக்குத் தெரியாது.

இந்தக் கணக்குக்கு மிகப் பெரிய உதாரணம் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையில் இருக்கிறது. கோள்களையே விழுங்கும் கலாக்டஸ் சாகக் கிடக்கும்போது அந்தக் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் அவனைப் பிழைக்க வைக்கிறார். பிழைத்து எழுந்த கலாக்டஸ் ஸ்க்ரல் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தலைமைக்கோளை விழுங்கிவிடுகிறான். 1984இல் வந்த இதழில் ரீடை விண்வெளி நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். பிரபஞ்சத்தின் இயக்கத்துக்குக் கலாக்டஸும் தேவை என்று சொல்லிக் கதை அவரை விடுவித்துவிடுகிறது. எனக்கு அந்தத் தீர்ப்பு கைகழுவலாகத்தான் தோன்றியது. ஆனால் அப்படி ஒரு விசாரணையை வைத்ததற்கே கதாசிரியர் ஜான் பைர்னைப் பாராட்ட வேண்டும். கொல்லாமைக்கும் விலை உண்டு என்பதை மறைக்காமல் காட்டிய கதை அது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கதை சொல்கிறேன். 1996இல் வந்த ஒரு பேட்மேன் கதையில், விஷம் தடவிய தபால்தலைகளால் ஆட்கள் சாகிறார்கள். ஜோக்கர்தான் செய்தான் என்று மரண தண்டனை விதிக்கிறார்கள். ஊரே கொண்டாடுகிறது. பேட்மேன் விசாரித்துப் பார்த்தால், அந்த ஒரு குற்றத்தை அவன் செய்யவே இல்லை! வேறு நூறு கொலைகள் செய்தவனுக்காக அலைந்து திரிந்து உண்மையைக் கண்டுபிடித்து அவனைக் காப்பாற்றுகிறார். படிக்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த வில்லன் மேல் எந்தப் பழியையும் எளிதாகப் போட்டுவிடலாம் என்பதை இவ்வளவு தெளிவாக வேறு கதை சொல்லவில்லை. உண்மைக் குற்றவாளி வெளியே சிரித்துக்கொண்டிருந்திருப்பான்.

போலீஸும் ராணுவமும் கொல்கிறார்கள். சூப்பர்ஹீரோவுக்கு மட்டும் ஏன் தடை?

என்னைப் பொறுத்தவரை மொத்த விவாதமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வில்லன் சாகத் தகுந்தவனா என்பதைவிட, அவனைக் கொல்லும் அதிகாரத்தை இவருக்கு யார் கொடுத்தது என்பதே பெரிய கேள்வி.

வள்ளுவர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார். கொல்லாமை அதிகாரத்தில், "தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை" என்கிறார். தன் உயிரே போனாலும் பிற உயிரை எடுக்காதே என்று, விலக்கே இல்லாமல். செங்கோன்மைக்கு வந்ததும், "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்கிறார். கொடியவரை அரசன் தண்டிப்பது பயிர் வாழக் களை பறிப்பது மாதிரி. முரண்பாடு மாதிரித் தெரிந்தாலும் ஆள் வேறு. முதல் குறள் தனிமனிதனுக்கு, இரண்டாவது வேந்தனுக்கு. சரி, முகமூடி போட்டவர் இதில் யார்? வேந்தனா? இல்லை. என்ன பலம் இருந்தாலும் அவர் தனிமனிதர்தான். மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, சட்டம் நியமிக்கவில்லை, தவறு செய்தால் பெயர் சொல்லி வழக்குப் போடக்கூட முடியாது.

இத்தனைக்கும் போலீஸுக்கே எல்லை உண்டு. சூப்பர்ஹீரோக்கள் பெரும்பாலும் வாழும் அமெரிக்காவில், ஓடும் சந்தேகநபரைச் சும்மா சுடக் கூடாது, அவரால் பிறருக்குக் கடுமையான ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே உயிர்போகும் பலத்தைப் பயன்படுத்தலாம் என்று 1985இல் டென்னஸி மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சீருடை போட்டு, பெயர்ப்பட்டை குத்தி, அறிக்கை எழுதிக் கொடுப்பவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு.

பலம் கூடக் கூட இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண காவலர், வேறு வழியில்லாமல் சுட்டேன் என்றால் நம்பலாம். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுபவரும், மலையைத் தூக்குபவரும், மனத்தைப் படிப்பவரும் அதையே சொன்னால் எப்படி நம்புவது? அவர்களுக்கு வேறு வழி அனேகமாக எப்போதும் இருக்கும்.

கேப்டன் அமெரிக்காவும் வுல்வரினும் கொல்கிறார்களே?

கேப்டன் அமெரிக்கா போர்வீரர். 1941இல் முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துகிறார். போரில் கொல்வதற்குத் தனி விதிகள் உண்டு. வுல்வரின் எக்ஸ்-மென் குழுவில் இருந்துகொண்டே கொல்பவர், குழுவில் மற்றவர்கள் அதை ரசிப்பதில்லை. அந்த உரசல்தான் அவருடைய கதைகளுக்கு ருசியே. வுல்வரின் செய்தார் என்பதால் அதே குழுவின் சைக்ளோப்ஸும் செய்யலாம் என்று ஆகாது.

அப்படியானால் குற்றவாளிகளைத் தானே கொன்று தீர்க்கும் பனிஷர் சரியா தவறா?

தவறு. ஆனால் சுவாரஸ்யமான தவறு.

பனிஷர் முதலில் வந்தது 1974 பிப்ரவரியில், ஸ்பைடர்மேனின் 129ஆவது இதழில், ஸ்பைடர்மேனையே கொல்வதற்காக. வில்லன் நார்மன் ஆஸ்போர்னைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று செய்தி பரவியிருந்தது. உண்மையில், ஏழு இதழ்களுக்கு முன் காதலி க்வென் ஸ்டேசியை இழந்த கோபத்தில் ஸ்பைடர்மேன் அவனை அடித்தாலும் கொல்லாமல் கை எடுத்துவிட்டார். ஆஸ்போர்ன் தன்னுடைய பறக்கும் கருவியே குத்திச் செத்தான். ஜாக்கல் என்ற வில்லன் இந்தப் பொய்யைப் பயன்படுத்தி பனிஷரை ஏவிவிடுகிறான், அவரும் நம்பிவிடுகிறார். ஆக, குற்றவாளிகளை விசாரணை இல்லாமல் கொல்லும் ஒருவர் அறிமுகமான முதல் கதையிலேயே தப்பான ஆளைக் கொல்லப் பார்த்தார். பனிஷர் ரசிகர்கள் இதை அதிகம் நினைவுகூர்வதில்லை.

ஸாடைக் கொன்ற சூப்பர்மேன்?

இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1988இல் வந்த கதையில் ஸாடும் இன்னும் இருவரும் வேறொரு பிரபஞ்சத்துப் பூமியில் இருந்த எல்லா உயிர்களையும் அழித்துவிடுகிறார்கள். சூப்பர்மேன் முதலில் அவர்களுடைய சக்தியைப் பறிக்கிறார். என்றாவது சக்தியைத் திரும்பப் பெற்று உன் பூமிக்கும் வருவோம் என்று மிரட்டுகிறார்கள். கெஞ்சக் கெஞ்ச, அவர்கள் இனத்தவருக்கு விஷமான கிரிப்டோனைட் கல்லால் மூவரையும் கொல்கிறார். என் அளவுகோலில் இது தேறாது. சக்தி இழந்து நிற்பவர்கள் மேல் நிறைவேற்றிய மரண தண்டனை அது. கதாசிரியர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதன்பின் சூப்பர்மேன் மனம் குலைந்து, தன்னால் பிறருக்கு ஆபத்து என்று பூமியை விட்டே போய்விடுகிறார்.

2013இல் வந்த படத்தில் ஸாட் ஒரு குடும்பத்தைக் கண்ணிலிருந்து வரும் கதிரால் எரிக்கப்போகிறான். சூப்பர்மேன் கெஞ்சுகிறார், அவன் நிறுத்தவில்லை, கழுத்தை முறிக்கிறார். இது தேறும். படத்தின் மேல் எனக்குள்ள புகார் வேறு. சூப்பர்மேன் கதறி அழுகிறார், அடுத்த காட்சியிலேயே ராணுவ அதிகாரியோடு வேடிக்கைப் பேச்சு வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், அந்தச் சண்டையில் கட்டடம் கட்டடமாகச் சரிகிறதே, அதற்குள் இருந்தவர்கள்? பல வருடமாக எல்லோரும் ஒரு கழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் அளவுகோலுக்கே சவாலான கதை ஏதாவது?

வொண்டர் வுமன், 2005. மேக்ஸ்வெல் லார்ட் என்பவன் சூப்பர்மேனின் மனத்தையே கட்டுப்படுத்துகிறான். சூப்பர்மேன் பேட்மேனை அடித்துக் குற்றுயிராக்குகிறார், வொண்டர் வுமனையும் கொல்லப் பாய்கிறார். அவள் மேக்ஸ்வெல்லைத் தன் உண்மைக் கயிற்றால் கட்டி, சூப்பர்மேனை விடுவிக்க என்ன வழி என்று கேட்கிறாள். அந்தக் கயிற்றுக்குள் பொய் சொல்ல முடியாது. "என்னைக் கொல்" என்கிறான். கழுத்தை முறித்துவிடுகிறாள்.

கட்டப்பட்டவனைத் தொடக் கூடாது என்று மேலே சொன்னேன், இவன் கட்டப்பட்டவன்தான். ஆனால் கயிறு அவன் உடம்பைத்தான் கட்டியது, ஆயுதத்தைக் கட்டவில்லை. வேறு வழியில்லை என்பதும் ஊகமில்லை, அவன் வாயாலேயே வந்த உண்மை. அதனால் அவள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மயக்கமடையச் செய்து வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு நாள்? அவன் விழிக்கும் ஒவ்வொரு முறையும் சூப்பர்மேன் ஆயுதமாகிவிடுவாரே!

'கொல்ல மாட்டேன், ஆனால் காப்பாற்றவும் தேவையில்லை' என்பது?

2005இல் வந்த பேட்மேன் படத்தில், ஓடும் ரயிலில் வில்லனை விட்டுவிட்டுக் குதிக்கும்போது சொல்வது. அருமையான வசனம், ஓட்டை வாதம். தண்டவாளத்தைத் தகர்க்க ஏற்பாடு செய்ததே பேட்மேன்தான். நீங்களே பள்ளம் வெட்டிவிட்டு, விழுந்தவனைத் தூக்க வேண்டியதில்லை என்று சொல்ல முடியாது.

ஒருமுறை கொன்றால் அப்புறம் நிறுத்த முடியாது என்கிறார்களே, உண்மையா?

இதை அதிகம் நம்ப வேண்டாம். 2013இல் வந்த ஒரு வீடியோ கேமில், ஜோக்கரின் சூழ்ச்சியால் மனைவி லோயிஸையும் மெட்ரோபோலிஸ் நகரத்தையும் இழந்த சூப்பர்மேன் அவனை விசாரணை அறையிலேயே கொன்றுவிட்டு, படிப்படியாக உலகத்துக்கே சர்வாதிகாரியாகிறார். கதையாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தற்காப்புக்காக ஒருவரைக் கொல்ல நேர்ந்தவர்கள் எல்லோரும் தொடர்கொலைகாரர்களாக மாறுவதில்லை. சர்வாதிகாரத்துக்கு ஒரு கொலை மட்டும் போதாது, கேள்வி கேட்க ஆளே இல்லாத பலமும் வேண்டும். அந்தப் பலம் அவரிடம் முன்பே இருந்தது.

எலும்பை முறித்து, தலையில் அடித்து மயக்குவது மட்டும் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று காமிக்ஸ் நம்மை நம்பவைக்கிறது. தலையில் பலமான அடி பட்டு மயங்கினால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆள் செத்தே போகலாம். நிஜ உலகில் பேட்மேனின் ஓர் இரவு வேலையில் இரண்டு பேராவது உயிரை விட்டிருப்பார்கள். இந்த விஷயத்தில் கதைக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தே ஆக வேண்டும்.

ரோபோ, ஜாம்பி, வேற்றுக்கிரகப் படை?

வலி தெரியாத, மனமில்லாத இயந்திரத்தை உடைப்பது கொலையில் சேராது. வேற்றுக்கிரகப் படைவீரனுக்கு மொழியும் பயமும் குடும்பமும் இருந்தால் அவன் ஆள்தான். முகத்தைப் பூச்சி மாதிரி வரைந்துவிட்டு எத்தனை பேரை வேண்டுமானாலும் வெட்டித்தள்ளும் வழக்கம் படங்களில் அதிகம். சோம்பேறித்தனம்.

நான் கதை எழுதுகிறேன். என் ஹீரோ கொல்லலாமா?

தாராளமாக. ஆனால் அதற்குப் பிறகு வரும் பக்கங்களையும் எழுதுங்கள். 1996இல் மார்க் வெய்டும் அலெக்ஸ் ராஸும் செய்த கதையைப் பாருங்கள். ஜோக்கர் டெய்லி பிளானட் என்ற நாளிதழின் அலுவலகத்தில் புகுந்து லோயிஸ் உட்படப் பலரைக் கொல்கிறான். பிடிபட்டு, விலங்கோடு போகிறவனை மேகாக் என்ற புதிய ஹீரோ நடுவழியில் கொன்றுவிடுகிறார். ஜூரி விடுதலை செய்கிறது, மக்கள் கைதட்டுகிறார்கள், மனம் வெறுத்த சூப்பர்மேன் ஒதுங்கிவிடுகிறார். அதன்பின் வந்த தலைமுறை ஹீரோக்கள் எல்லோரும் மேகாக் மாதிரியே ஆகிறார்கள். கடைசியில் மேகாக்கின் குழு ஒரு சில்லறை வில்லனை விரட்டிப் போன இடத்தில் கதிர்வீச்சு வெடித்துக் கான்சாஸ் மாநிலமே பாழாகிறது. பத்து லட்சம் பேர் சாகிறார்கள். அந்த வில்லன் முன்னமே சரணடைய வந்தவன்.